பாதி வீட்டைக் காலி செய்தவள்

மிதெல்த்,
அக்டோபர் கடைசி வாரம்

அன்பு மகள் நுஹைலாவுக்கு உன் அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கருணையில் உன் அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, டான்ஜியரில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உடம்புக்கு என்றுதான் எழுதியிருக்கிறேன், மனதைப் பற்றிச் சொல்ல இன்னும் இரண்டு மூன்று பக்கம் ஆகும். ஃபோன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். ஃபோனில் நீ நடுவில் பேசுவாய், நீ பேசினால் எனக்கு ஒரு சாக்குக் கிடைக்கும், சாக்குக் கிடைத்தால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். காகிதம் என்றால் குறுக்கே பேச ஆளில்லை. அதனால் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பப்போகிற இந்த ஆப்பிள் பெட்டியில் மேலேயே இதை வைக்கப்போகிறேன். உன் அப்பா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு "ஆப்பிள் பெட்டிக்குள்ள வைக்கிற சீட்டுக்கு இவ்வளவு நேரமா" என்று கேட்டார். அவருக்கு எல்லாம் தெரியும், நேற்றுச் சொல்லிவிட்டேன். "புள்ளைக்கு நீயே எழுது" என்றார், அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஆப்பிள் நன்றாக வந்திருக்கிறது, குளிர்ப்பதனக் கிடங்கில் உன் அப்பாவுக்கு இரண்டு ஷிப்டு வேலை. குளிரும் சீக்கிரமே வந்துவிட்டது, மலைமேல் வெள்ளை தெரிகிறது. உன் நீலக் கம்பளிச் சட்டையைத் தோய்த்து உள்ளே வைத்திருக்கிறேன். சரி, ஊர்க்கதை போதும், நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு ஒரே வீட்டில் இருந்த சுகைனா மூன்று வாரத்துக்கு முன்னால் காரணம் எதுவும் சொல்லாமல் தன் துணிமணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், முழு வாடகையும் உன் தலையில் விழுந்துவிட்டது, அவள்மேல் வழக்குப் போடலாமா, எனக்கு என்ன உரிமை இருக்கிறது, கோர்ட்டுப் பக்கம் யாரையாவது கேட்டுச் சொல் என்று நீ அழுதுகொண்டே சொன்னாய் இல்லையா. கேட்டுவிட்டேன். கோர்ட்டுக்கு எதிரே குடை விரித்துத் தட்டச்சு மிஷினோடு உட்கார்ந்து மனு எழுதுகிறாரே மூலாய் தாஹிர், உன் பள்ளிக்கூடப் பத்திரத்தைக்கூட ஒருமுறை எழுதிக்கொடுத்தாரே, அவரிடம் போனேன். முப்பது வருஷமாக அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறவர், பாதி வக்கீல்கள் அவரிடம்தான் சந்தேகம் கேட்கிறார்கள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள். வீட்டு ஒப்பந்தம் உன் ஒருத்தி பேரில் இருக்கிறது. அதனால் கூட இருந்தவள் போய்விட்டாள் என்பதற்காக வீட்டுக்காரம்மா ஹாஜா ரஹ்மா உன்னை வெளியே போ என்று சொல்ல முடியாது, வாடகை முழுசாக, தேதி தவறாமல் போகிறவரைக்கும் வீடு உன்னுடையது. அவளுக்கு உன்னைக் காலி செய்யவைக்கவேண்டும் என்றிருந்தால் தகுந்த காரணத்தோடு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, மாசக் கணக்கில் பொறுத்து, கோர்ட்டு வழியாகத்தான் வரவேண்டும், பூட்டை மாற்றுகிற வேலையெல்லாம் செல்லாது. அதே சமயம் அவளுக்கு முழு வாடகையையும் உன் ஒருத்தியிடமே கேட்க உரிமை உண்டு, சுகைனா பேர் காகிதத்தில் இல்லாததால் அவளை வீட்டுக்காரம்மா ஒன்றும் கேட்க முடியாது. இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொள்வதென்றால் ஹாஜாவின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள், வாயால் சொன்னதை நம்பிச் சேர்த்துவிடாதே, அதை வைத்தே உன்னை வெளியே அனுப்பிவிடலாம். சுகைனாவைப் பொறுத்தவரை, பாதி நான் தருகிறேன் என்று அவள் உன்னிடம் ஒத்துக்கொண்டது ஒப்பந்தம்தான், காகிதம் இல்லாவிட்டாலும் சின்னத் தொகைக்குச் சாட்சி போதும், மாசாமாசம் அவள் உனக்கு அனுப்பிய பணமும் ஃபோனில் எழுதிக்கொண்டதும் அதற்கு ஆதாரம். ஆனால் அவள் கொடுத்த முன்பணப் பாதி ஹாஜாவிடம் இருக்கிறது, அதைத் திரும்பக் கேட்க அவளுக்கும் உரிமை இருக்கிறது, அதை மறந்துவிட்டு அவளை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்காதே என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

இதுவரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். அப்புறம் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "ரித்வான் அம்மா, முக்கியமானதைச் சொல்லலையே, அந்தப் பொண்ணு ஏன் போனா" என்றார். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவர் விடவில்லை. "அதுதாம்மா வழக்கே. சும்மா மனசு மாறிப் போனான்னா அவ குடுக்கணும். அவளை யாராச்சும் இருக்க முடியாதபடி பண்ணிட்டாங்கன்னா அவமேல கேஸு நிக்காது, நஷ்டஈட்டுக்கு அப்படிப் பண்ணினவங்க மேலதான் போகணும். யாருன்னு உங்க பொண்ணைக் கேட்டு எழுதிட்டு வரச் சொல்லுங்க, நான் தட்டித் தர்றேன்" என்றார். மிஷின்மேல் இருந்த டீயை எடுத்து எனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார். நுஹைலா, என்னால் அதைக் குடிக்க முடியவில்லை. அவர் கேட்ட அந்த ஆள் அவர் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், கோபம் வந்தால் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு ஆப்பிள் சாப்பிட்டுவிட்டு வந்து படி, ஆனால் கடைசிவரைக்கும் படி. போன வருஷம் மார்ச்சில் வீடு பார்க்க வந்தோமே, நீயும் சுகைனாவும் தண்ணீர்த் தொட்டி பார்க்க மொட்டைமாடிக்குப் போனீர்கள், நான் ஹாஜாவோடு கீழே உட்கார்ந்திருந்தேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு "சொந்தமில்லாத பொண்ணுங்களுக்கு நான் வீடு விடுறதில்லம்மா. இன்னைக்கு ரெண்டு பேரு, நாளைக்கு ஒருத்தி போவா, இன்னொருத்தி வருவா, யாரு வீட்டுப் புள்ளன்னு நான் எங்க போய்த் தேடுறது" என்றாள். அதற்கு முன்னால் ஒன்பது வீடு ஏறி இறங்கியிருந்தோம், என் முழங்கால் வீங்கியிருந்தது, மறுநாள் நீ கம்பெனியில் சேரவேண்டும். அப்போது என் வாயில் வந்தது இதுதான். "சொந்தமில்லன்னு யாரு சொன்னா, ரெண்டும் என் பாலைக் குடிச்சு வளர்ந்த புள்ளைங்க, ஆளுக்கொரு பக்கமா வச்சிக்கிட்டுக் குடுத்தேன்" என்றேன். ஹாஜாவின் முகம் மாறிவிட்டது, புதினா டீ வந்தது, பாதாம் பலகாரம் வந்தது. நீங்கள் இறங்கி வரும்போது வீடு உங்களுடையது. ஒப்பந்தம் எழுதும்போது சுகைனா பேரையும் சேர்க்கட்டுமா என்று எழுதுகிறவர் கேட்டதற்கு ஹாஜாதான் "அக்கா தங்கச்சிக்கு எதுக்குப்பா ரெண்டு பேரு, ஒண்ணு போதும்" என்றாள், நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். அவள் உங்களைச் சகோதரிகள் என்று கூப்பிடும்போதெல்லாம் பாசத்தில் சொல்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். சுகைனாவின் பேர் இன்றைக்குக் காகிதத்தில் இல்லாததற்கும், முழு வாடகையும் உன் தலையில் விழுந்ததற்கும் காரணம் அந்த ஒரு வாய்ப் பேச்சுதான்.

அது பொய் மகளே. சுகைனா பிறந்தபோது உனக்கு நாலு மாசம், உன் அண்ணன் ரித்வானுக்கு மூன்று வயது. அவள் அம்மா இஸ்ஸாவுக்குப் பிரசவக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள், பக்கத்து வீடு என்பதால் குழந்தையை என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள், பதினோரு நாள் நம் வீட்டில் இருந்தாள். எனக்குப் பால் இருந்தது. இரண்டு குழந்தைக்கும் பற்றாது, உனக்குக் குறைந்துவிடும் என்ற பயத்தில் அவளுக்குப் புட்டிப்பாலைக் கரைத்துக் கொடுத்தேன். இஸ்ஸாவின் மாமியார் எனக்குப் பால் ஊறட்டும் என்று வெந்தயம் போட்ட கோழியைப் பெரிய தட்டில் சமைத்து மூன்று தடவை கொண்டுவந்து வைத்தாள். மூன்று தட்டையும் நான் சாப்பிட்டேன். புட்டியைப் பார்த்துவிட்டு அவள் என்னடி இது என்று கேட்டபோது வெட்கத்தை மறைக்க ஒரு சாக்குச் சொன்னேன். "நாளைக்கு இவளை என் ரித்வானுக்குக் கேட்கணும்ல, பாலைக் குடுத்துட்டா மார்க்கப்படி அண்ணன் தங்கச்சி ஆயிடுவாங்களே, கட்டிக்க முடியாதே, அதான் குடுக்கலை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இஸ்ஸாவும் அதைக் கேட்டுச் சிரித்தாள். அவள் அதை மறக்கவே இல்லை என்பது எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது.

இந்தக் கோடையில் ரித்வான் லராஷில் பாடம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து லீவில் வந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே, சுகைனாவைக் கேட்டுப் போகவேண்டும் என்றான். உன்னைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் டான்ஜியர் வந்துபோனது உன்னைப் பார்க்க மட்டும் இல்லை, உனக்கும் அது தெரிந்திருக்கும். நான் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஏன் தள்ளிப்போட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், இன்றைக்கு மறைக்க ஒன்றும் இல்லை. எனக்கு மருந்துக்கடைக்காரர் மகள்மேல் ஒரு கண். இஸ்ஸா ஆப்பிள் பொறுக்கிப் போடுகிற கூலிக்காரி, அவள் புருஷன் எங்கே என்று அவளுக்கே தெரியாது, அந்த வீட்டில் போய்ச் சம்பந்தம் பேசுவதா என்று எனக்குள் ஒரு கொழுப்பு. சுகைனாவிடம் ஒரு குறையும் கிடையாது. உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது பக்கத்தில் இருந்து சொட்டு மருந்து போட்டவள் அவள்தான், நீ ஷிப்டில் மாட்டிக்கொண்டிருந்தாய்.

செப்டம்பரில் சுகைனா சந்தோஷம் தாங்காமல் ஹாஜாவிடம், ரித்வான் என்னைக் கேட்டு வரப்போகிறான் என்று சொல்லியிருக்கிறாள். ஹாஜா அதிர்ந்து போய், பால் குடிச்ச அண்ணனையா கட்டிக்கப் போற, நாசமாப் போறவளே என்று திட்டிவிட்டு எனக்கு ஃபோன் போட்டாள். "உண்மையைச் சொல்லும்மா, நீ அன்னைக்குச் சொன்னது நெசந்தானே, குடுத்தியா இல்லையா, ஒரு மிடறானாலும் கணக்குத்தான்" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். சொன்னால் பொய் சொல்லி வீடு வாங்கினவள் ஆவேன், உனக்கு வீடு போகும் என்று ஒரு பயம். அதுமட்டும் என்றால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. இல்லை என்று சொன்னால் சுகைனா மருமகளாக வந்துவிடுவாள் என்பதும் அதே நொடியில் மனதில் ஓடியது. "குடுத்தேன் ஹாஜா" என்றேன். மகள் சொல்லிக் கேட்ட இஸ்ஸா ஓடிவந்து, அன்னைக்கு இல்லைன்னு சொன்னியே என்று கேட்டபோது, உன் மனசு நோகக்கூடாதுன்னு மறைச்சேன், புள்ள அழுகையை நிறுத்தாம ரெண்டு தடவை எடுத்து வச்சேன் என்று முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள், எதை வைத்து மறுப்பாள். ரித்வானிடமும் அதையே சொன்னேன். நுஹைலாவுக்கு இது தெரியவேண்டாம், ஊருக்கும் தெரியவேண்டாம், அவமானம் என்று எல்லோர் வாயையும் நானே அடைத்தேன். அண்ணன் என்று ஆகிப்போனவன் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்த நாற்காலி இருக்கிற வீட்டில் அந்தப் பெண் எப்படி இருப்பாள், அதனால்தான் போனாள். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாள் என்று நீ கரித்துக்கொட்டினாய், சொல்லாதே என்று அவளிடம் சொன்னதும் நான்தான். நீ ஃபோனில் துரோகி என்று அவளைச் சொன்னபோது ஆமாம் என்று நானும் சேர்ந்து சொன்னேன்.

மூலாய் தாஹிரின் டீயைக் கீழே வைத்துவிட்டு, வழக்கு வேண்டாம், எனக்கு வேறொரு காகிதம் எழுதவேண்டும் என்றேன். முழுசும் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை, காகிதத்தைச் சொருகிவிட்டு "மெதுவாச் சொல்லுங்க, மை பழசு, அடிச்சுத் திருத்த முடியாது" என்றார். இஸ்ஸா மகள் சுகைனாவுக்கு நான் எந்தக் காலத்திலும் பால் கொடுத்ததில்லை, ஹாஜா ரஹ்மாவிடமும் என் மகன் ரித்வானிடமும் சொன்னது பொய் என்று நாலு வரி. அதை நகராட்சி அலுவலகத்துக்குக் கொண்டுபோய் அவர்கள் கண்முன்னால் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கினேன். முத்திரை குத்துகிற பெண் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள், பார்க்கட்டும். இதனால் உன் வீட்டுக்கு ஆபத்தா என்று மூலாய் தாஹிரிடம் கேட்டேன். உறவுமுறை என்று ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தும் இல்லை, குடியிருக்க என்று மட்டும்தான் இருக்கிறது, அதனால் இந்தப் பொய்யைக் காட்டி உன்னை உடனே கிளப்ப முடியாது என்றார். "ஆனா அவ மனசு கசந்துட்டா சட்டம் வீட்டுக்குள்ள வந்து உக்காராதும்மா, அதையும் பொண்ணுகிட்டச் சொல்லிடுங்க" என்றார். சொல்லிவிட்டேன். உன் வீட்டை நான் ஒரு பொய்யால் வாங்கிக் கொடுத்தேன், உண்மையால் அது போனாலும் போகலாம், அந்தக் குற்றமும் என்னுடையதுதான்.

ஒரு பிரதியை இஸ்ஸாவிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நானே வாசித்துக் காட்டவேண்டியிருந்தது. என்னை அடிப்பாள், குறைந்தபட்சம் வாசலைக் காட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். அவள் கையில் இருந்த ஆப்பிளைக் கூடையில் வைத்துவிட்டு "அந்தப் பதினோரு நாளும் என் புள்ள பசியா கிடந்தாளா" என்று கேட்டாள். "இல்ல இஸ்ஸா, புட்டிப்பால் வயிறு நெறையக் குடிச்சா, நல்லாத் தூங்கினா" என்றேன். அது உண்மை, அது ஒன்றாவது உண்மையாக இருந்ததற்கு நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். அப்புறம்தான் அவள் அழுதாள். "என் பொண்ணுகிட்ட நீயே போய்ச் சொல்லு, நான் சொன்னா உனக்காகப் பேசுறேன்னு நினைப்பா" என்றாள். ரித்வானுக்கு ஃபோனில் சொன்னேன், பாதியிலேயே வைத்துவிட்டான். மூன்று நாள் கழித்து நேற்று ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தான், ஹாஜாகிட்டயும் சொல்லு என்று.

அதனால் வியாழக்கிழமை பஸ்ஸில் கிளம்பி நானே வருகிறேன். ஹாஜாவின் எதிரே உட்கார்ந்து, அந்தப் பாதாம் பலகாரத்தைத் தின்ற வாயாலேயே சொல்கிறேன். அவள் திட்டினால் கேட்டுக்கொள்கிறேன், நீ எனக்காகப் பரிந்து பேசாதே. சுகைனா என் ஃபோனை எடுக்கவில்லை, எடுக்கவும் வேண்டாம், அவள் வேலை செய்கிற இடத்து வாசலில் காத்திருக்கிறேன். அவள் திரும்பி வருவாளா, ரித்வானைக் கட்டிக்கொள்வாளா என்று எனக்குத் தெரியாது, இப்படி ஒரு மாமியார் வேண்டாம் என்று சொன்னாலும் அவள் சொல்வது சரிதான். நான் வரும்வரைக்கும் ஹாஜா எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே, சாவியைக் கொடுக்காதே, வாடகையைக் கையில் கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதே. சுகைனாவின் கட்டிலை விற்கப்போகிறேன் என்றாயே, அதைத் தொடாதே. கூட இருந்தவள் பாதியில் விட்டுப் போனால் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது, அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்காதே, என்னிடம் கேள். நஷ்டஈடு என்று மூலாய் தாஹிர் சொன்னாரே, அதையும் என்னிடமே வாங்கிக்கொள், என் இரண்டு வளையலை விற்றுவிட்டேன், அடுத்த மூன்று மாசத்துக்கு அவள் பாதியை நான் கொடுக்கிறேன்.

அல்லாஹ் உன் கையையும் காலையும் காப்பாற்றட்டும், வேலையில் மிஷின் பக்கம் போகும்போது முடியை முடிந்துகொள். அடிபட்ட ஆப்பிளை முதலில் சாப்பிடு, மற்றது டிசம்பர்வரைக்கும் இருக்கும். பெட்டியின் அடியில் வெந்தயம் ஒரு பொட்டலம் இருக்கிறது, நீ எடுத்துச் சமைக்காதே. இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் நான் தின்ற மூன்று தட்டுக்கு, ஒரு தட்டாவது சுகைனாவுக்கு என் கையால் சமைத்துப் போடவேண்டும், அவள் சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி. என்னைப் பிறகு மன்னிக்கலாம், முதலில் நீ அவளுக்கு ஒரு ஃபோன் போடு.

ரித்வானையும் உன்னையும் தவிர
வேறெந்தக் குழந்தைக்கும் பால் கொடுக்காத
உன் அம்மா
இத்தோ